வயதுப் புள்ளிகளுக்கு வைத்தியர் எழுதும் கிறீம்: தொடங்கும் நாளும் நிறுத்தும் நாளும்

ஆறு வருடங்களுக்கு முன், எங்கள் மகளின் கலியாணத்துக்கு எட்டு மாதம் இருக்கையில், என் மனைவி கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு, "இந்தப் புள்ளியள் படத்திலை விழுமே?" என்று கேட்டாள். வலது கன்னத்தில் ஐந்தாறு கபில நிறப் புள்ளிகள். லண்டனில் பதினேழு வருடமாகக் கடையொன்றில் காசாளராக இருந்தவள். அவளுடைய இருக்கை கடையின் கண்ணாடி முகப்பை ஒட்டியிருந்தது. வெயில் விழுவது வலது பக்கத்தில்.

தனியார் தோல் வைத்திய நிபுணர் ஒருவரிடம் போனோம். அவர் உருப்பெருக்கிக் கருவியால் பார்த்து, வெயிலால் வந்த வயதுப் புள்ளிகள்தான் என்று உறுதிசெய்தார். ஹைட்ரோகுவினோன் 4 சதவீதம் உள்ள கிறீமை மூன்று மாதத்துக்கு எழுதித் தந்தார். மூன்று மாதம் முடிந்ததும் நிறுத்திவிட்டுத் தன்னை வந்து பார்க்கச் சொன்னார். புள்ளிகள் நன்றாக மங்கின. கலியாணப் படங்களில் அவள் முகம் தெளிவாக இருக்கிறது.

பிழை அதற்குப் பிறகு நடந்தது. செய்தவன் நான். அடுத்த கோடையில் புள்ளிகள் மெல்லத் திரும்பியபோது நான் கணக்குப் பார்த்தேன். நிபுணரின் கட்டணத்தையும் பாமசியில் ஒரு ரியூப்பின் விலையையும் ஒரு பக்கம் போட்டேன். இந்தியாவுக்குப் போய்வரும் உறவினர் ஒருவர் அதே மருந்தை வாங்கிவரக்கூடிய விலையை மறுபக்கம் போட்டேன். அதே மருந்துதானே என்று ஆறு ரியூப் வாங்கிவரச் சொன்னேன். மனைவி பதினான்கு மாதம் பூசினாள். கன்ன எலும்பின் மேல் நீலம் கலந்த சாம்பல் நிறம் படரத் தொடங்கியது. கறுக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் கூட்டிப் பூசினாள். கடைசியில் நிபுணர் தோலில் ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதித்துவிட்டு, இது அந்தக் கிறீமாலேயே வந்த கருமை என்றார். இன்று அது குறைந்திருக்கிறது. முற்றாகப் போகவில்லை.

நான் வைத்தியன் அல்ல. யாழ்ப்பாணத்தில் வணிகமாணிப் பட்டம் பெற்று, அகதியாக இங்கு வந்து, கணக்கு எழுதிப் பிழைப்பவன். அதன் பின்னர் வாசித்தும் வைத்தியர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டவற்றை, மனைவியின் சம்மதத்தோடு இங்கே தொகுத்துத் தருகிறேன். இது உங்கள் வைத்தியரின் ஆலோசனைக்கு மாற்றானது அல்ல. அவரிடம் போகும்போது என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவினால் போதும்.

முதலில், அது வயதுப் புள்ளிதானா?

வயதுப் புள்ளி வயதால் மட்டும் வருவதில்லை. பல வருட வெயில் தோலில் எழுதிவைத்த கணக்கு அது. தட்டையாக இருக்கும், விரலால் தடவினால் தோலோடு சமமாக இருக்கும், விளிம்பு தெளிவாகத் தெரியும். முகம், புறங்கை, முன்கை போன்ற வெயில் படும் இடங்களில் வரும். இப்படியான புள்ளிக்குத்தான் இந்தக் கிறீம். எம்மைப் போன்ற மாநிறத் தோலில் வயதுப் புள்ளி என்று நாம் நினைப்பவற்றில் பல வேறு விடயங்களாக இருக்கின்றன.

மங்கு: இரண்டு கன்னங்களிலும், நெற்றியிலும், மேலுதட்டின் மேலும் ஏறக்குறைய ஒரே அளவில் படரும் கருமை. கர்ப்பம், கருத்தடை மாத்திரை, வெயில் ஆகியவை இதைத் தூண்டும். இதே கிறீமை வைத்தியர் இதற்கும் எழுதுவதுண்டு. ஆனால் மங்கு திரும்பத் திரும்ப வரும் தன்மை உள்ளது.

மிளகு போன்ற சிறு கறுப்பு முளைகள்: கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் வரும். தொட்டால் தட்டுப்படும். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வருவதுண்டு. தீங்கற்றவை. இவற்றுக்கும், ஒட்டிவைத்த மெழுகு போலத் தடித்திருக்கும் வேறு சில புடைப்புகளுக்கும் எந்தக் கிறீமும் வேலை செய்யாது. எவ்வளவு பூசினாலும் சுற்றியுள்ள நல்ல தோல்தான் வெளிறும்.

கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்த கருமை: இது பெரும்பாலும் உடல் இன்சுலினைச் சரியாகப் பயன்படுத்தாததன் அடையாளம். எங்கள் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவலானது என்று சொல்லத் தேவையில்லை. அங்கே தேவைப்படுவது இரத்தப் பரிசோதனை.

காயம், பரு, சொறி ஆறிய பின் நிற்கும் கருமை: இதில் காரணத்தை முதலில் நிறுத்தவேண்டும். தலைமுடிக்குப் பூசும் கறுப்புச் சாயம் ஒவ்வாமல் நெற்றியோரம் கறுப்பது உண்டு. ஒட்டுப்பொட்டின் பசை சிலருக்கு நெற்றியைக் கறுக்க வைக்கும், சிலருக்கு வெள்ளையாக்கும்.

மருந்துகளால் வரும் நிறமாற்றம்: இதயத் துடிப்பைச் சீராக்கத் தரும் அமியோடரோன், பருவுக்குத் தரும் மினோசைக்கிளின் போன்றவை சிலருக்கு முகத்தில் நீலச் சாம்பல் நிறத்தை உண்டாக்கும். எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலை வைத்தியரிடம் காட்டவேண்டும் என்பது இதனால்தான்.

கிறீமைத் தேடுமுன் காட்டவேண்டிய புள்ளிகள்

எமக்குத் தோல் புற்றுநோய் வெள்ளையரைவிடக் குறைவாகவே வருகிறது. அது உண்மை. ஆனால் வரும்போது பிந்தியே கண்டுபிடிக்கப்படுகிறது. "அது வெள்ளைக்காரருக்கு வாற வருத்தம்" என்று நாங்கள் இருந்துவிடுவது ஒரு காரணம். மெலனோமா என்ற கடுமையான வகை கருமையான தோல் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் கீழ் ஆகிய இடங்களில் வருகிறது. பாடகர் பொப் மார்லி 1981 இல் 36 வயதில் இறந்தது கால்விரல் நகத்தின் கீழ் தொடங்கிய மெலனோமாவால்தான்.

ஒரு புள்ளி இரு பாதியும் ஒத்திராமல் இருந்தால், விளிம்பு கிழிந்த கடதாசி போல இருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட நிறங்கள் கலந்திருந்தால், வளர்ந்துகொண்டே போனால், கடித்தால், இரத்தம் கசிந்தால், ஆறாத புண்ணாக இருந்தால், உடனே குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். பிரித்தானியாவில் சந்தேகம் இருந்தால் குடும்ப வைத்தியர் உங்களை அவசரமாக நிபுணரிடம் அனுப்புவார். இப்படியான புள்ளியில் வெளிறவைக்கும் கிறீமைப் பூசினால் நிறம் மங்கிப்போய், நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமே மறைந்துவிடலாம். வைத்தியர் பார்க்காமல் பூசக்கூடாது என்பதற்கு இது முதல் காரணம்.

கிறீமுக்குள் என்ன இருக்கிறது?

முதன்மையான மருந்து ஹைட்ரோகுவினோன். எமது தோலில் நிறம் கொடுக்கும் மெலனினைச் செய்யும் கலங்கள் உண்டு. அந்த வேலைக்குத் தேவையான தைரோசினேஸ் என்ற நொதியத்தை இது தடுக்கிறது. ஏற்கனவே உள்ள நிறத்தை இது அழிப்பதில்லை. புதிதாக நிறம் சேர்வதைக் குறைக்கிறது. பழைய நிறம் தோல் உதிர்வதோடு மெல்லப் போகவேண்டும். ஆகவே முதல் நான்கு வாரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருப்பது இயல்பு. அவசரப்பட்டு அளவைக் கூட்டுவதால் எரிவுதான் கூடும். கிறீமை நிறுத்தினால் கலங்கள் பழையபடி வேலையைத் தொடங்கும். வெயிலும் பட்டால் புள்ளி திரும்பும்.

இதோடு ட்ரெட்டினோயின் என்ற விற்றமின் ஏ வகை மருந்தைச் சேர்ப்பதுண்டு. அது தோல் உதிர்வதை வேகப்படுத்தி, மற்ற மருந்தையும் உள்ளே விடுகிறது. மூன்றாவதாக, எரிவைக் குறைக்க ஒரு மென்மையான ஸ்ரெரோயிட் சேர்க்கப்படலாம். இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்க்கும் முறையை 1975 இல் அமெரிக்கத் தோல் வைத்தியர்களான கிளிக்மனும் வில்லிஸும் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 2002 இல் அனுமதி பெற்ற ட்ரை-லூமா என்ற கிறீமும் இதே வழியில் வந்தது. அதில் ஹைட்ரோகுவினோன் 4 சதவீதம், ட்ரெட்டினோயின் 0.05 சதவீதம், ஃபுளூசினோலோன் என்ற ஸ்ரெரோயிட் 0.01 சதவீதம். அது மங்குக்கு மட்டும், எட்டு வாரம் வரையான குறுகிய பாவனைக்கே அனுமதிக்கப்பட்டது. மருந்தைச் செய்தவர்களே கால எல்லை வைத்துத்தான் விற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

1975 இல் தென்னாபிரிக்காவிலிருந்து ஒரு வைத்திய அறிக்கை வந்தது. கடையில் வாங்கிய, ஹைட்ரோகுவினோன் கூடிய கிறீம்களை வருடக்கணக்காகப் பூசிய கறுப்பினப் பெண்களின் முகத்தில் நீலக் கருமை படிந்து, தோல் சொரசொரப்பாகியிருந்தது. இதை ஓக்ரோனோசிஸ் என்கிறார்கள். வெளிறவைக்கும் மருந்தே கறுக்கவைக்கும் விசித்திரம் இது. தோலின் ஆழத்தில் படிவதால் அழிப்பது மிகக் கடினம், பலருக்கு நிரந்தரம். தென்னாபிரிக்கா 1990 இல் அழகுசாதனங்களில் ஹைட்ரோகுவினோனைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல் தோல் வெளிறவைக்கும் அழகுசாதனங்களில் அதைத் தடைசெய்தது. பிரித்தானியாவிலும் அந்தத் தடை இன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் 2 சதவீதக் கிறீம் கடைகளில் தாராளமாகக் கிடைத்த காலம் 2020 இல் முடிந்தது. இப்போது அங்கும் வைத்தியரின் துண்டு வேண்டும்.

ஹைட்ரோகுவினோனால் புற்றுநோய் வருமா என்று பலர் கேட்பார்கள். எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்த பரிசோதனைகளிலிருந்து வந்த பயம் அது. தோலில் பூசிய மனிதர்களுக்குப் புற்றுநோய் வந்ததாக நிறுவப்படவில்லை. வைத்தியர்கள் உண்மையில் கவலைப்படுவது நீண்ட காலப் பாவனையைப் பற்றி.

எவ்வளவு காலம்?

என் மனைவி விடயத்தில் நான் தவறவிட்டது இந்தக் கேள்வியைத்தான். பெரும்பாலானோருக்கு மூன்று, நான்கு மாதம் போதுமானது. மூன்று மாதம் ஒழுங்காகப் பூசியும் பலன் இல்லையென்றால், தொடர்ந்து பூசுவதால் பலன் வரப்போவதில்லை. வைத்தியர் வேறு வழி பார்ப்பார். பலன் வந்தாலும் நிறுத்தவேண்டும். திரும்பத் தேவைப்பட்டால் இடைவெளி விட்டு, வைத்தியர் பார்த்த பின்பே இன்னொரு சுற்று.

துண்டு எழுதும்போதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த நாள் நிறுத்தவேண்டும்? நிறுத்திய பின் என்ன பூசவேண்டும்? எப்போது திரும்ப வந்து காட்டவேண்டும்? பதிலை ரியூப்பின் பெட்டியிலேயே எழுதிவையுங்கள். நான் இப்போது வீட்டில் எல்லா மருந்துக்கும் இதைச் செய்கிறேன்: திறந்த திகதி ஒரு பக்கம், நிறுத்தும் திகதி மறுபக்கம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதே யன்னல், அதே வெளிச்சம், அதே நேரம், ஒரு படம் எடுங்கள். நாளாந்தம் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. படம் உண்மையைச் சொல்லும். என் மனைவிக்கு அப்படி மாதாமாதம் எடுத்திருந்தால், நீலம் படர்வதை ஐந்தாம் மாதத்திலேயே கண்டிருப்போம் என்று நினைக்கிறேன்.

பூசும் முறை

1. முதலில் சோதனை. முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி 24 மணித்தியாலம் பாருங்கள். இலேசான சிவப்பு பரவாயில்லை. கடி, கொப்புளம், வீக்கம் வந்தால் முகத்தில் பூசவேண்டாம், வைத்தியரிடம் சொல்லுங்கள்.

2. வைத்தியர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் இரவில் பூசுவது நல்லது. ட்ரெட்டினோயின் சேர்ந்த கிறீம் என்றால் இரவில் மட்டுமே. முகத்தை மென்மையான சவர்க்காரத்தால் கழுவி, நன்றாக உலரவிடுங்கள். ஈரத் தோலில் எரிவு அதிகம்.

3. புள்ளியில் மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள். பஞ்சுக்குச்சி உதவும். சுற்றிவரப் பூசினால் புள்ளியைச் சுற்றி வெளிறிய வளையம் விழும். கண், உதடு, மூக்கின் மடிப்பு, காயம் உள்ள இடம் ஆகியவற்றில் படவேண்டாம்.

4. பூசியதும் கையைக் கழுவுங்கள். பேரப்பிள்ளையைத் தூக்கி முகத்தோடு முகம் வைப்பதைக் கிறீம் உலரும் வரையாவது தள்ளிப்போடுங்கள். மற்றவர் தோலில் இது படக்கூடாது.

5. அதே இடத்தில் பென்சோயில் பெரொக்சைட் உள்ள பரு மருந்தையோ ஹைட்ரஜன் பெரொக்சைட்டையோ பூசவேண்டாம். இரண்டும் சேர்ந்தால் தோலில் கறை பிடிக்கும்.

6. இந்தக் காலத்தில் அந்த இடத்தில் வக்ஸிங், பிளீச், உரஞ்சும் ஸ்கிரப் எதுவும் வேண்டாம். ட்ரெட்டினோயின் பூசிய தோல் வக்ஸோடு சேர்ந்து உரிந்து வரும். தேசிக்காய்ச் சாறும் வேண்டாம். தேசிக்காய்ச் சாறு பூசிய தோலில் வெயில் பட்டால் எரிந்து, புதிய கருமை வரும்.

7. ஹைட்ரோகுவினோன் காற்றிலும் வெளிச்சத்திலும் கெட்டுப்போகும். வெள்ளைக் கிறீம் கடும் கபிலமாக மாறியிருந்தால் வீசிவிடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று ஆறு ரியூப் வாங்கி அடுக்குவது இந்த வகையிலும் நட்டம்.

இலேசான சிவப்பு, உலர்வு, உதிர்தல், சிறு எரிவு ஆகியவை முதல் வாரங்களில் வரக்கூடியவை. வாசனையற்ற ஈரப்பதக் கிறீம் உதவும். தேவைப்பட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். எரிவைத் தாங்கிக்கொள்வது வீரம் அல்ல: மாநிறத் தோலில் ஒவ்வொரு எரிவும் தன் பங்குக்கு ஒரு கருமையை விட்டுச்செல்லும். கடும் எரிவு, கொப்புளம், முக வீக்கம், மூச்சு எடுக்கக் கஷ்டம் வந்தால் நிறுத்தி உடனே வைத்திய உதவி பெறுங்கள். முன்பிருந்ததைவிடக் கருமையோ நீலமோ தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள். கூட்டிப் பூசவேண்டாம்.

யாருக்கு இது வேண்டாம்?

கர்ப்பிணிகளும், கர்ப்பமாக முயல்பவர்களும் பூசக்கூடாது. பூசிய ஹைட்ரோகுவினோனில் கணிசமான பங்கு தோலூடாக இரத்தத்துக்குப் போகிறது. ட்ரெட்டினோயினும் கர்ப்ப காலத்தில் தவிர்க்கப்படுவது. பால் கொடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்கவேண்டும். எக்ஸிமா, வெண்படை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும். சில கிறீம்களில் பழுதாகாமல் இருக்கச் சல்பைட்டுகள் சேர்க்கப்படுகின்றன. ஆஸ்துமா உள்ள சிலருக்கு இவை ஒவ்வாது. ஒருவருக்கு எழுதிய ரியூப்பை அக்கா, மச்சாள், அம்மா என்று வீட்டில் சுற்றவிடக்கூடாது. அவருடைய புள்ளி வேறு, உங்களுடையது வேறு.

வெயில்: சிகிச்சையின் மறுபாதி

கிறீம் இரவில் குறைப்பதைப் பகல் வெயில் திரும்ப எழுதிவிடும். ஆகவே சன்ஸ்கிறீன் இல்லாமல் இந்தச் சிகிச்சை வீண். எஸ்.பி.எவ் 30 அல்லது அதற்கு மேல் உள்ளதைக் காலையில் பூசி, வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசவேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும். நாங்கள் பெரும்பாலும் அதில் கால்வாசிதான் பூசுகிறோம். பிரித்தானியாவில் போத்தலில் யூ.வி.ஏ நட்சத்திரம் நான்கு அல்லது ஐந்து இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கதிர்தான் கண்ணாடியூடாகவும் வருவது. கார் ஓட்டுபவர்களும், என் மனைவி போலக் கண்ணாடி அருகே வேலை செய்பவர்களும் இதைக் கவனிக்கவேண்டும்.

எமது தோலில் சாதாரண வெளிச்சமும் கருமையைக் கூட்டும், குறிப்பாக மங்கு உள்ளவர்களுக்கு. இரும்பு ஒக்சைட்டு சேர்ந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிறீன் அதையும் தடுக்கிறது. வெள்ளைப் பூச்சாக நிற்காமலும் இருக்கும். அகலமான தொப்பி எல்லாவற்றிலும் மலிவானது.

வெயிலைத் தவிர்த்தால் விற்றமின் டி குறையாதா என்ற கேள்வி நியாயமானது. பிரித்தானியாவில் குளிர்காலத்தில் எல்லோருக்கும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி பரிந்துரைக்கப்படுகிறது. எம்மைப் போன்ற தோல் நிறம் உள்ளவர்கள் வருடம் முழுவதும் எடுப்பதைப் பற்றி யோசிக்கவேண்டும்.

கடையில் கிடைக்கும் 'மந்திர' கிறீம்கள்

எம்மவர் கடைகள் சிலவற்றில், ஊறுகாய்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில், துண்டு இல்லாமல் விற்கப்படும் வெளிறவைக்கும் கிறீம்களைக் கண்டிருப்பீர்கள். இரண்டு வாரத்தில் பளிச்சென்று ஆக்குமானால் அதற்குள் இருப்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: அளவு சொல்லாத ஹைட்ரோகுவினோன், கடும் ஸ்ரெரோயிட், அல்லது பாதரசம்.

குளோபெட்டசோல், பெற்றாமெதசோன் போன்ற கடும் ஸ்ரெரோயிட்டுகள் முதலில் முகத்தை வெளிறவைத்து மினுங்க வைக்கும். பின்னர் தோல் மெலிந்து, நரம்பு போலச் சிவப்புக் கோடுகள் தெரியும், பரு வரும், மயிர் வளரும், நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும். நீண்ட நாள் அதிகம் பூசினால் இரத்தத்தில் சீனியையும் கூட்டலாம். இதை மாதக்கணக்காகப் பூசி வருபவர்கள் தாங்களாகத் திடீரென்று விடாமல் உடனே வைத்தியரிடம் போவது நல்லது. எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

பாதரசம் இன்னும் மோசம். சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும். துவாய், தலையணை வழியாகப் பூசாத பிள்ளைகளுக்கும் போகும். 2013 இல் உருவான மினமாட்டா உடன்படிக்கையில் இணைந்த நாடுகள், அழகுசாதனங்களில் பாதரசமே இருக்கக்கூடாது என்று 2023 இல் முடிவெடுத்து, அதற்கு 2025 ஐ எல்லையாக வைத்தன. ஆனாலும் அப்படியான கிறீம்கள் சந்தையில் இருக்கின்றன. பெட்டியில் 'கலொமல்', 'மெர்குரி', 'மெர்குரஸ் குளோரைட்டு' என்ற சொற்கள் இருந்தால் அது பாதரசம். தங்கம், வெள்ளி, அலுமினியத்தில் படவிடாதீர்கள் என்று எழுதியிருந்தாலும் பாதரசம் என்றே சந்தேகியுங்கள். தாலிக்கொடியைக் கெடுக்கக்கூடிய ஒன்றை அந்தக் கழுத்திலேயே பூசலாமா? உள்ளடக்கமே எழுதாத பெட்டியை வாங்கவே வேண்டாம். வீட்டில் இருந்தால் நிறுத்தி, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, ஆபத்தான கழிவுகளை எங்கே கொடுப்பது என்று உள்ளூராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். எத்தனை நாள் பூசினீர்கள் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் பாதரசம் தெரியும்.

கிறீம் ஒன்றுதான் வழியா?

இல்லை. ஹைட்ரோகுவினோன் ஒவ்வாதவர்களுக்கு அசெலெயிக் அமிலக் கிறீம் ஒரு வழி. மெதுவாக வேலை செய்யும், ஆனால் மென்மையானது. வயதுப் புள்ளியை உறையவைத்து எடுக்கும் முறையும் லேசரும் உண்டு. வெள்ளைத் தோலில் இவை விரைவான பலன் தரும். மாநிறத் தோலில் அந்த இடம் மேலும் கறுக்கவோ, வெள்ளைத் தழும்பாகவோ போகும் வாய்ப்பு அதிகம். ஆகவே எம் நிறத் தோலில் அனுபவமுள்ள நிபுணர்தானா என்று கேளுங்கள். மறைவான ஓர் இடத்தில் முதலில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அழகு நிலையத்தில் சலுகை விலை லேசருக்கு முகத்தைக் கொடுக்கவேண்டாம்.

ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான். வயதுப் புள்ளி நோய் அல்ல. அதனால்தான் என்.எச்.எஸ். பொதுவாக இதன் செலவை ஏற்பதில்லை.

வைத்தியரிடம் போகும்போது

இதுவரை பூசிய எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்: ஊரிலிருந்து வந்தது, கடையில் வாங்கியது, சிநேகிதி தந்தது எல்லாம். "டொக்டரிட்டை இதையெல்லாம் சொல்லலாமோ, பேசுவார்" என்று எங்கள் அம்மாமார் வெட்கப்படுவார்கள். பேசமாட்டார், சொல்லாவிட்டால்தான் பிழையான மருந்து எழுதுவார். ஆங்கிலம் தடையென்றால் என்.எச்.எஸ். வைத்தியசாலையிலும் குடும்ப வைத்தியரிடமும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், கட்டணம் இல்லை. தோல் விடயத்தைப் பேரப்பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்கவேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்தக் கிறீம் ஒரு சில புள்ளிகளுக்கானது. உடம்பின் நிறத்தை மாற்றுவதற்கானது அல்ல. கலியாணப் பேச்சில் 'நல்ல நிறம்' என்ற சொல்லை நாங்கள் கடல் தாண்டியும் கொண்டுவந்துவிட்டோம். அந்தச் சொல்லுக்காக முழு முகத்துக்கும் கைக்கும் பூசத் தொடங்கும் பெண்பிள்ளைகள்தான் கடைசியில் தோல் வைத்தியரின் வாசலில் நிற்கிறார்கள். புள்ளியைக் காட்டி உதவி கேட்பதில் வெட்கமில்லை. பிறந்த நிறத்தைப் பற்றி வீட்டில் பேசும்போது நாங்கள் பெரியவர்கள்தான் நாக்கைக் கவனிக்கவேண்டும்.

என் கணக்கு

அந்த ஆறு ரியூப்பில் நான் மிச்சம்பிடித்த பணத்தை ஒருநாள் கூட்டிப் பார்த்தேன். அதன் பின் நிபுணருக்கும் பரிசோதனைக்கும் கொடுத்ததோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தில் எழுதமுடியாத நட்டம் ஒன்று இருக்கிறது. சென்ற வருடம் பேத்தியின் முதலாவது பிறந்தநாளில், எல்லோரும் படத்துக்கு நிற்கும்போது, என் மனைவி பின்வரிசைக்குப் போய் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். அவள் என்னை ஒரு சொல்லும் சொன்னதில்லை.

உங்கள் வீட்டு அலுமாரியில் அப்படி ஒரு ரியூப் இருந்தால், இன்று எடுத்துப் பாருங்கள். யாருக்கு எழுதப்பட்டது, எப்போது திறந்தது, எப்போது நிறுத்தவேண்டும் என்ற மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால், இன்றிரவு அதைப் பூசவேண்டாம். அதில் ஸ்ரெரோயிட் இருக்கிறது, மாதக்கணக்காகப் பூசியும் வருகிறீர்கள் என்றால் மட்டும் நாளைக் காலையிலேயே குடும்ப வைத்தியரை அழைத்துக் கேளுங்கள்.